கத்தரி அத்தான் வெட்டிய நோய்

எங்கள் அத்தானுக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். அதை ஒரு பட்டம் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். யாராவது முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். வேறொருவராக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். எங்கள் அத்தானுக்கு அந்த அளவுக்கு விவரம் போதாது.

அவர் பார்ப்பது மெடிக்கல் கோடிங். ஆஸ்பத்திரியில் டாக்டர் உட்கார்ந்து எழுதுவதையெல்லாம் இவர்கள் வேறொரு கட்டடத்தில் உட்கார்ந்து எண்ணாக மாற்றுவார்கள்; அந்த எண்ணுக்குக் கோடு என்று பெயர். காய்ச்சலுக்கு ஓர் எண், கால் முறிந்தால் ஓர் எண், முறிந்தது இடது காலா வலது காலா என்பதற்கு இன்னொன்று. அந்த எண்ணைப் பார்த்துத்தான் காப்பீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள், ஆய்வகம் ரத்தம் எடுக்கும், அடுத்த டாக்டர் அடுத்த மாத்திரையை எழுதுவார். மனுஷனைப் பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? எண்ணைப் பார்த்தால் போதும். அப்படி மற்றவர்கள் போட்ட எண்களைச் சரிபார்த்து, தப்பானதை வெட்டுகிற தணிக்கை வேலை அத்தானுக்கு. வெட்டி வெட்டித்தான் கத்தரி ஆனார்.

“டாக்டர் எழுதுவாரு. அது என்ன நோய்னு முடிவு பண்றது நான்தான்” என்பார். மீசை இல்லாத குறையை மோவாயைத் தடவித் தீர்த்துக்கொள்வார்.

வீட்டிலும் அதே தொழில்தான். அக்கா மகள் பாப்பா சின்ன வயசில் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியெல்லாம் ரத்தமாக வந்து நின்றாள். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “ஓட்டிக்கிட்டுப் போகும்போது விழுந்தியா, தள்ளிக்கிட்டுப் போகும்போதா? மோதினது சுவரா, இன்னொரு வண்டியா?” என்று விசாரணை நடத்தினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணாம். அக்கா உள்ளேயிருந்து, “முதல்ல தண்ணி ஊத்திக் கழுவி விடுங்க, அப்புறம் எண்ணிக்கலாம்” என்று கத்தினாள். வாத்து கடித்தால் அதற்கு ஓர் எண் உண்டு என்பதும், கடிபட்டவர் கட்டு மாற்ற மறுபடி வந்தால் அதில் கடைசி எழுத்து மட்டும் மாறும் என்பதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வாத்தைத்தான் நாங்கள் யாரும் பக்கத்தில் பார்த்ததில்லை.

அவருக்கு ரொம்பப் பிடித்த பிரிவு E எண்பது. உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சமைத்துக்கொள்வதில் கோளாறு வந்தால் வருகிற நோய்கள் அங்கே இருக்கின்றன. அந்தப் பிரிவு ஒரு மாடிக் குடியிருப்பு என்பதுபோலவும், இவர் அதன் வாட்ச்மேன் என்பதுபோலவும் பேசுவார். “புள்ளி பூஜ்யத்துல, வெயில் பட்டா தோல் வெந்து போற பரம்பரைக் கேஸு. புள்ளி ஒண்ணுல கையெல்லாம் கொப்புளம். புள்ளி ரெண்டு கொஞ்சம் பெரிய வீடு, உள்ளுக்குள்ள ரூம் ரூமா பிரியும். வயித்து வலி, கை கால் விழுந்து போறது, சிறுநீர் வெளிச்சத்துல நிறம் மாறறது எல்லாம் அங்கதான். புள்ளி நாலுல இருக்கறவன் சாது. கண்ணு லேசா மஞ்சளாகும், வேற ஒரு தொல்லையும் கிடையாது.” முதல் மூன்று வீட்டு நோய்களுக்கும் பொதுப்பெயர் போர்ஃபிரியா. இந்தப் போர்ஃபிரியாக்காரர்களை அவர் எண்ணிலேயே வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். அவர்களில் ஒருத்திக்கு வாடகைக்கு விட்டிருப்பது தன் வீட்டு மாடி அறையைத்தான் என்று அவருக்கு எந்த எண்ணும் சொல்லவில்லை.

அந்த ஒருத்தி நான்தான். அக்காவுக்குத் தங்கை, அத்தானுக்குக் கொழுந்தியாள், பாப்பாவுக்குச் சித்தி. தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவருக்குப் புத்தி போகும்போது நான் மிதிப்பேன். ஊரில் பாதிப் பேர் இன்று உயிரோடு இருப்பதற்கு என் இடது கால் காரணம். இதற்கு எண் கிடையாது.

எனக்கு வயிற்று வலி வரும். வந்தால் சாதாரணமாக வராது. இரண்டு நாள் மூன்று நாள் ஆளைச் சுருட்டிப் போடும். வாந்தி, தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு எல்லாம் கூடவே வரும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றுமில்லை என்று வரும். ஒன்றுமில்லை என்று வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், எனக்கு மட்டும் வலி. “வயித்துக்குள்ள யாரோ கிளட்ச் மிதிக்காம கியர் மாத்தற மாதிரி இருக்கு” என்று அந்தச் சாப்பாட்டு மேசையில் நான் சொல்லாத மாதம் இல்லை. பாத்திரம் நகர்த்தும் சத்தத்துக்கு இருக்கும் மரியாதைகூட அதற்குக் கிடைக்கவில்லை.

அக்காவிடம் எல்லா வலிக்கும் ஒரே வைத்தியம்தான். “லங்கணம் பரம ஔஷதம். ஒருநாள் வயித்தைக் காயப் போடு, எல்லாம் சரியாப் போகும்” என்பாள். காயப் போடுவேன். வலி இரண்டு மடங்காகும். “ஒருநாள் பத்தாது போல” என்பாள்.

ஒருமுறை வலி தாங்காமல், ஓட்டப் படிக்க வந்தவரை வண்டியோடு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். வண்டி நிறுத்தக் கூடாத இடம். அவருக்கோ பின்பக்கமாக எடுக்கத் தெரியாது. வெளியே ஹார்ன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, ஓர் இளம் டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் ஒருவர்தான் கடைசி வரை கேட்டார். பசியோடு இருந்தால் வலி கூடுகிறதா, சிறுநீரின் நிறம் மாறுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றெல்லாம் கேட்டார். “ஒரு சந்தேகம் இருக்கு. டெஸ்ட் வரட்டும், பேரைச் சொல்றேன்” என்று, சிறுநீர் பிடித்துத் தரக் கறுப்புக் காகிதம் சுற்றிய ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். வெளிச்சம் படக் கூடாதாம். நான் அதைப் பிடித்துக்கொண்டு, “சீக்கிரம் சொல்லுங்க டாக்டர், வெளியில வண்டி நிக்குது” என்று பறந்தேன். பதற்றமாகத்தான் இருந்தேன். அந்த ஹார்ன் சத்தத்தில் புத்தருக்கே பதற்றம் வந்திருக்கும்.

பாட்டிலை ஆய்வகத்தில் கொடுத்தேன். சில நாளில் ஒரு குறுஞ்செய்தி வந்தது, பரிசோதனை ரத்து என்று. நேரில் போய்க் கேட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், “கோடு ஒத்து வரல மேடம். இந்த நோய்க்கு இந்த டெஸ்ட் கிடையாது” என்றாள். எந்த நோய்க்கு என்றால் அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரைக் கேட்கலாம் என்றால் அவர் மேல்படிப்புக்கு வேறெங்கோ போய்விட்டார்.

அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் அத்தான் உற்சாகமாக இருந்தார். அவர் உற்சாகமாக இருந்தால் எங்கோ ஒருவர் அழுதிருக்கிறார் என்று அர்த்தம்.

“ஆபீஸ்ல ஒரு கூத்து” என்று ஆரம்பித்தார். “ஒரு கேஸு. பேரு விலாசம் எதுவும் எங்களுக்கு வராது, மறைச்சுத்தான் வரும். பொம்பள, வயித்து வலி. டாக்டர் சின்னப் பையன் போல. போர்ஃபிரியா இருக்கலாம்னு எழுதிட்டாரு. புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு உடனே E எண்பதைத் தூக்கிப் போட்டுடுச்சு. விடுவேனா? ஒரே வெட்டு.”

“ஏம்பா, டாக்டரே சொல்றாரே?” என்றாள் பாப்பா.

“இருக்கலாம்னு சொன்னாரு. இருக்குன்னு சொல்லலையே! வந்து பாத்துட்டுப் போற நோயாளிக்கு இருக்கலாம், சந்தேகம், போலத் தெரியுது, இதெல்லாம் கணக்குலயே வராது. வயித்து வலின்னு வந்தா வயித்து வலி. அதான் விதி.”

“அப்ப அந்த டாக்டர் எழுதினது?”

“எழுதினது எழுதினபடி கிடக்கும். எவன் அதைத் திறந்து படிக்கப் போறான்? மேல தெரியறது கோடு மட்டும்தான்.” தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். “அந்தம்மா சொல்லியிருக்கு பாரு, வயித்துக்குள்ள யாரோ கிளட்ச் மிதிக்காம கியர் மாத்தற மாதிரி இருக்காம்! அந்த டாக்டரும் வேலை மெனக்கெட்டு அதை அப்படியே எழுதி வச்சிருக்காரு. ஆபீஸே சிரிச்சுது.”

அக்கா சிரித்தாள். பாப்பாவும் சிரித்தாள். அந்த மேசையில் நான் எத்தனை தடவை சொன்ன வார்த்தை அது! ஒருத்தருக்காவது காதில் ஏறியிருந்தால் அந்த இடத்தில் சிரிப்பு வந்திருக்காது. கூடப் பிறந்தவள் சிரித்ததுதான் எனக்கு வயிற்று வலியைவிட வலித்தது.

அத்தான் இன்னும் முடிக்கவில்லை. “கடைசி வரியில, நோயாளி பதற்றமாக இருக்கிறார்னு இருந்துச்சு. அந்தப் பொண்ணு அதைக் கண்டுக்கவே இல்ல. நான்தான் பிடிச்சேன். பதற்ற நோய், F நாற்பத்தொண்ணு. கேஸ் கச்சிதமா முடிஞ்சுது.”

“அத்தான்” என்றேன். “அது நான்தான்.”

அவர் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. ஒரு நிமிஷம் அந்த முகத்தில் ஒரு மனுஷன் எட்டிப் பார்த்தான். பிறகு அவசரமாக உள்ளே போய்விட்டான்.

“நோயாளி விவரத்தையெல்லாம் வீட்ல பேசக் கூடாது. அது விதி” என்றார், அதுவரை பேசியது யாரோ போல.

“பேசினது நீங்கதான். அந்த டெஸ்ட் ஏன் நின்னு போச்சுன்னு இப்பத்தான் எனக்குத் தெரியுது.”

“ஊர்ல எத்தனையோ பேருக்கு வயித்து வலி. அது வேற கேஸு. அவங்க வயசு அதிகம்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அக்காவுக்கு அது போதும். “இவளுக்கு எதை எடுத்தாலும் தன்னைப் பத்தித்தான் பேச்சு” என்று என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். “ராத்திரிக்கு ஒண்ணும் வேணாம், வயித்தைக் காயப் போடு.”

ஒரு நன்மை, நோயின் பெயராவது கிடைத்தது. அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது இருந்தவர் வேறு டாக்டர். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திரையைப் பார்த்தார். பார்த்ததும் குரல் தேன் தடவினாற்போல் ஆகிவிட்டது. குழந்தைகளிடமும் கிறுக்கர்களிடமும் பேசுகிற குரல் அது.

“டாக்டர், எனக்கு போர்ஃபிரியா இருக்குமோன்னு...”

“நெட்ல படிச்சீங்களா?” என்றார். “நிறையப் படிக்காதீங்க. மனசை லேசா வச்சுக்குங்க. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை தர்றேன்.”

என்ன சொல்வது? நோய் இருக்கலாம் என்று டாக்டர் எழுதியது இல்லாமல் போய்விட்டது. ஹார்ன் சத்தத்துக்குப் பயந்து நான் அவசரப்பட்டது நோயாகிவிட்டது. இனி நான் அழுதால் அது பதற்றம், அழாவிட்டால் மாத்திரை வேலை செய்கிறது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். என் விஷயத்தில் முயலே இல்லை, அதற்குள் காலை எண்ணி முடித்துவிட்டார்கள்.

பயிற்சிப் பள்ளி முதலாளியிடம் வருஷா வருஷம் உடல் தகுதிச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதிலும் பதற்ற நோய், தூக்க மாத்திரை என்று வந்து நின்றது. முதலாளி நல்லவர்தான். நல்லவராகவே என்னை வண்டியிலிருந்து இறக்கி அறையில் உட்கார வைத்தார். “கொஞ்ச நாள் சிக்னல் படம் மட்டும் சொல்லிக்குடும்மா. அந்தப் பதற்றம்னு ஒண்ணு இருக்கே, அதை மட்டும் எடுத்துட்டு வா” என்றார். என் பிரேக்கில் வேறொருவரின் கால் போய் உட்கார்ந்தது. எனக்கு இந்த உலகத்தில் பெருமை என்று இருந்தது அந்த ஒரு பிரேக்தான்.

தூக்க மாத்திரையையும் அக்காவின் பட்டினியையும் சேர்த்து விழுங்கினேன். இந்த நோய்க்கு ஆகாதவை இரண்டு என்றால் அவை இரண்டும்தான் என்று பின்னால் தெரிந்தது. ஒரு வாரம் தாண்டவில்லை. காலையில் எழுந்து தண்ணீர்க் குவளையை எடுத்தேன், கை எடுக்கவில்லை. வலி வந்த வேகத்தில் மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அக்காவும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

அங்கே வார்டில் இருந்தவர் ஒரு பெரிய டாக்டரம்மா. ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் என்னைப் போட்டு, ட்யூப் போட்டு, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். முகம் மாறியது. “பதற்றத்துல கை இப்படி விழாதே. இதுக்கு முன்னாடி யாராவது வேற ஏதாவது நோயைச் சந்தேகப்பட்டாங்களா?” என்று கட்டிலைச் சுற்றி நின்றவர்களைக் கேட்டார்.

எனக்கு நாக்கு குழறியது. அத்தானைப் பார்த்தேன். நான் சொன்னால் நெட்டில் படித்தது என்பார்கள்; டாக்டர் எழுதியதைக் கண்ணால் பார்த்த ஆள் அங்கே அவர் ஒருவர்தான். “சொல்லுங்க அத்தான்” என்றேன். அவருக்குக் கேட்டது. கேட்டதற்கு அடையாளமாக வழித்த மோவாயைத் தடவினார்.

“நாங்க எதுவும் சொல்லக் கூடாதுங்க. எழுதியிருக்கறதுதான்” என்றார்.

அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

என்னைக் காப்பாற்றியது வெயில். கட்டிலுக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையில் மத்தியான வெயில் விழுந்து விழுந்து, மறுபடி டாக்டரம்மா வந்தபோது அது கருஞ்சிவப்பாக மாறியிருந்தது. அவர் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். தூக்க மாத்திரையை நிறுத்து, குளுக்கோஸ் ஏற்று, கறுப்புக் காகிதம் சுற்றிப் பாட்டில் கொண்டு வா என்று நர்ஸைப் பார்த்துக் கத்தினார். ‘போர்ஃபிரியா இருக்கலாம்’ என்று பெரிசாக எழுதினார்.

அத்தான் அதை எட்டிப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து, ஆறுதல் சொல்கிற தோரணையில் இப்படிச் சொன்னார்: “பயப்படாதே. படுக்கையில சேர்ந்தவங்களுக்கு விதி வேற. டிஸ்சார்ஜ் வரைக்கும் இருக்கலாம்னே இருந்தாலும் கோடு உண்டு.”

நடந்து போனால் இல்லாத நோய், விழுந்து கிடந்தால் உண்டு. கையில் தெம்பிருந்தால் அன்றைக்கு அத்தானுக்கு ஓர் எண் வாங்கிக் கொடுத்திருப்பேன்.

இந்தத் தடவை பரிசோதனை நடந்தது. முடிவு வந்தது. சந்தேகமே இல்லை, புள்ளி இரண்டு, பெரிய வீடு. நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். வலி இறங்கியது. விரல்கள் மெள்ள மெள்ளத் திரும்பி வந்தன. “இது பரம்பரையா வர்றது. கூடப் பிறந்தவங்க, அவங்க பிள்ளைங்க எல்லாரும் டெஸ்ட் பண்ணிக்கணும்” என்றார் டாக்டரம்மா. அக்கா, “நல்லா இருக்கற உடம்புக்கு எதுக்கு ஊசி?” என்று எழுந்துவிட்டாள். அத்தானும் அவள் பின்னாலேயே போனார்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். “அந்தப் பதற்ற நோயை எடுத்துடுங்க அத்தான். டாக்டர் நோயாச் சொல்லல. நீங்களாப் போட்டது. அது போனாத்தான் என்னை வண்டியில ஏத்துவாங்க.”

“முடிஞ்சு போன கேஸுல கை வைக்கணும்னா எழுதின டாக்டர் சொல்லணும், இல்ல போட்டவன் தப்புன்னு ஒத்துக்கணும். டாக்டர்தான் ஊர்லயே இல்லையே” என்றார். இரண்டாவது வழியைப் பற்றி மேற்கொண்டு பேச்சில்லை. அப்போதும் பக்கத்தில் அக்கா இருந்தாள். “இன்னும் அந்தக் கதையை விடலையா நீ? அதான் வேற கேஸுன்னு சொன்னாரே. உனக்கு நோயும் இருக்கு, கொஞ்சம் நடிப்பும் இருக்கு” என்றாள். ஆக, எனக்கு E எண்பது கிடைத்தது, F நாற்பத்தொன்று போகவில்லை. சிக்னல் படங்களோடு உட்கார்ந்திருந்தேன்.

பாப்பா கல்லூரியில் சேர்ந்த வருஷம் அது. சேர்ந்ததும் இளைக்க வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. காலைச் சாப்பாடு போயிற்று, பிறகு இரவுச் சாப்பாடும் போயிற்று. “அப்படியே விடு, வயிறு காஞ்சா நல்லதுதான்” என்று அக்கா ஆசீர்வாதம் செய்தாள். நான் சொன்னேன், திட்டினேன், சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வாயருகே கொண்டு போனேன். “சித்திக்கு எல்லாரும் தன்னை மாதிரியே இருக்கணும்” என்று சிரித்தார்கள்.

பரீட்சை நெருங்கிய ஒரு காலையில் பாப்பா குளியலறை வாசலில் சுருண்டு கிடந்தாள்.

நால்வரும் போனோம். வெளிநோயாளிப் பிரிவில் டாக்டரம்மா இல்லை. இருந்தவர் என்னை நெட்டில் படித்தீர்களா என்று கேட்ட அதே தேன் குரல்காரர். பாப்பாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஸ்கேனைப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“எப்படிம்மா வலிக்குது?”

பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். வேறு வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது. “சித்தி சொல்வாங்களே... கிளட்ச் மிதிக்காம கியர் மாத்தற மாதிரி...”

டாக்டர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, சாதாரணச் சிரிப்புதான். அத்தானின் அலுவலகமும் அப்படித்தான் சிரித்திருக்கும். “பரீட்சையா? கொஞ்சம் பதற்றமா இருக்கியா?” என்று பேனாவை எடுத்தார்.

“எழுதாதீங்க!”

யார் கத்தியது என்று எனக்கே ஒரு கணம் விளங்கவில்லை. டாக்டர் எழுதுவதை எண்ணாக மாற்றியே வயிறு வளர்த்த ஆள், டாக்டரின் பேனாவைக் கையோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“பதற்றம்னு எழுதாதீங்க சார். அதை மட்டும் எழுதிடாதீங்க. எழுதினா எவனாவது எடுத்து நோயாப் போட்டுடுவான். அப்புறம் இவ என்ன கத்தினாலும் யாருக்கும் கேக்காது.”

“கையை விடுங்க. எவன் போடுவான்?”

“நான் போடுவேன் சார்” என்றார் அத்தான். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னைக் காட்டினார். “இவளுக்கு நான்தான் போட்டேன். ஒரு டாக்டர் அப்பவே சரியா போர்ஃபிரியா இருக்கலாம்னு எழுதினாரு. நான் வெட்டினேன். விதிப்படி அது சரிதான். ஆனா பதற்றமா இருக்காங்கன்னு எழுதினதை நோயா மாத்தினது விதி இல்ல. அது என் திமிரு. அது இவதான்னு இவ சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தனக்கு வராவிட்டாலும் பெற்ற பிள்ளைக்கு வந்தால் தெரிந்துவிடுகிறது. கொழுந்தியாளுக்கு வந்தால் மட்டும் தெரிவதில்லை. அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு அந்த வார்டில் இதை ஏன் சொல்லவில்லை என்று கோபம்தான் வந்தது. பாப்பா துடித்துக்கொண்டிருந்ததால் கோபத்தை அடக்கிக்கொண்டேன்.

“டாக்டர், எனக்கு போர்ஃபிரியான்னு உறுதியாயிருக்கு. உங்க ஆஸ்பத்திரியிலயே முடிவு இருக்கு. சித்திக்கு இருக்குன்னு என் பேரைப் போட்டு இவளை டெஸ்ட் பண்ணுங்க” என்றேன்.

அத்தான் நிமிர்ந்தார். பழைய கத்தரி எட்டிப் பார்த்தது. “ஆமா சார், குடும்பத்துல இந்த மாதிரி நோய் இருந்தா அதுக்குத் தனிக் கோடு இருக்கு. Z எண்பத்து மூணு...”

“எண்ணை நீங்க பாத்துக்குங்க. பொண்ணை நான் பாக்கறேன்” என்றார் டாக்டர். குரலில் தேன் இல்லை. திரையை ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் தடவையாக ஒரு முகத்தைப் பார்த்து, “கடைசியா எப்ப சாப்பிட்ட?” என்று பாப்பாவிடம் கேட்டார்.

குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. கறுப்புக் காகிதம் சுற்றிய பாட்டிலை நர்ஸ் நீட்டியபோது அத்தான்தான் வாங்கினார். காகிதம் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, சட்டைக்குள்ளே விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரே வந்தவர்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் முதுகைக் காட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் போனார். நானும் அக்காவும் பின்னால் போனோம்.

ஆய்வக ஜன்னலில் அதே பெண். திரையைப் பார்த்துக்கொண்டே, “உறுதியான நோயா சார், சந்தேகமா?” என்று கேட்டாள்.

எத்தனை எண் அந்த மண்டைக்குள்! ஒன்றும் வெளியே வரவில்லை. சட்டைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து இரண்டு கையாலும் ஜன்னலில் வைத்தார்.

“வலி உறுதிம்மா” என்றார்.

அவள் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டைத் திருப்பிப் பார்த்து, குடும்ப வரலாறு என்று டாக்டர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பாட்டிலை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

அத்தான் அக்கா பக்கம் திரும்பியபோது, “வேற கேஸுன்னு சொன்னீங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் மோவாயைத் தடவப் போய், பாதியில் கையை இறக்கிவிட்டார். நாளைக்கே போய்த் தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிடுவதாக என்னிடம் முணுமுணுத்தார். “எழுதினதுக்கு அப்புறம் சொல்லுங்க, உங்க உலகத்துல எழுதாதது எதுவும் நடக்கறதில்லையே” என்றேன்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். அக்கா கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள். அந்த மேசையில் அவள் சிரித்ததை இப்போதுதான் அவள் காது கேட்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

“காலையிலேர்ந்து ஏதாவது சாப்டியாடி?” என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.